உள்ளங்காலிற் கரும்புள்ளி: நுனிக் கருநிறப்புற்றின் போக்கும் பரிகாரமும்

தோலிலே தோன்றும் புற்றுநோய்களுள் தொகையால் அருகியதும் உயிராபத்தால் முதன்மை பெற்றதும் மெலனோமா எனப்படும் கருநிறப்புற்றாகும். இந்நோயைப் பற்றி மேலைநாட்டு நூல்கள் வாயிலாக நமக்குக் கிட்டும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. கடும் வெயிலில் எரிந்த வெண்தோலில் இது தோன்றும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மிகுதியாகக் காணப்படும். கருந்தோலினர் இதனைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை என்பன அவற்றின் சாரம். முதலிரு கூற்றுக்களும் உண்மையே. மூன்றாவது அரையுண்மை. வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் தோன்றும் கருநிறப்புற்று வகையொன்று உண்டு. கருந்தோல் அதற்கு எவ்வகைக் காப்பும் அளிப்பதில்லை. இவ்வகையினாற் பீடிக்கப்பட்டோர் ஏனைய வகையினரிலும் கூடிய விகிதத்தில் மரணமடைகின்றனர். அவ்வாறு நேர்வதற்கு நோயின் இயல்பு எவ்வளவு காரணம், நோயைப் பற்றிய அறிவு உருவான முறை எவ்வளவு காரணம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பெயர் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் முற்பகுதி, நுனி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பிற்பகுதி, பருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தோலிற் பருப்பளவாய்த் தட்டையாகப் பரவும் கறையை அது உணர்த்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இதற்கு எத்தகைய சொல்லை ஆக்கியிருப்பார் என எண்ணத் தோன்றுகின்றது. பருப்பை விடுத்து, 'நுனிக் கருநிறப்புற்று' என்றே இங்கு வழங்குவோம்.

மேற்றோலின் அடிப்படையிலே கருநிறமியை ஆக்கும் கலங்கள் இடையிடையே அமைந்துள்ளன. வெள்ளையர், கறுப்பர், நம்மவர் எனும் அனைவரிடத்தும் இக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது அவை ஆக்கும் நிறமித் துணிக்கைகளின் பருமனும் தொகையும் பரம்பலுமேயாகும். இனவேற்றுமையென மனிதர் பெரிதுபடுத்திய ஒன்று நுணுக்குக்காட்டியின் கீழ் இவ்வளவிற்றாய்ச் சுருங்கிவிடுகின்றது. இக்கலங்கள் கட்டுப்பாடிழந்து பெருகுவதே கருநிறப்புற்று. எனவே அது தோன்றுவதற்கான கலம் எல்லாத் தோலிலும் உண்டு.

1969ஆம் ஆண்டில் அமெரிக்க நோயியலறிஞர் வோலஸ் கிளாக்கும் அவர்தம் உடனாய்வாளரும் இந்நோயினை வளரும் பாங்கு பற்றி மூவகையாக வகுத்தனர். அவ்வகுப்பில் உள்ளங்காலுக்குத் தனியிடம் இருக்கவில்லை. 1976இலே றிச்சாட் றீட் என்பார் உள்ளங்கால், உள்ளங்கை, நகப்படுகை ஆகியவற்றில் தோன்றும் கருநிறப்புற்று தனக்கெனத் தனிவடிவம் கொண்டதென எடுத்துக்காட்டி, அதனை நான்காவது வகையாக நிறுவினார். முதலில் மேற்றோலினுள்ளே கிடையாகப் பரவிக் கறையாகத் தோன்றுதலும், அந்நிலையில் மாதங்களோ ஆண்டுகளோ தங்கியிருத்தலும், பின்னரே கீழ்நோக்கி உட்டோலினுட் புகுதலும் இதன் இயல்பு. கிடையாகப் பரவும் அக்காலமே மருத்துவனுக்கு வாய்க்கும் காலம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வெயில் இதற்குக் காரணமன்று என்பதற்கு உள்ளங்காலின் தடித்த கொம்புப்படையே சான்று. கழியூதாக் கதிர்கள் அதனை ஊடுருவுதல் அரிது. புற்றுக்கலங்களின் பரம்பரையலகுகளை முழுமையாக வாசிக்கும் ஆய்வுகளும் இதனை உறுதிசெய்கின்றன. வெயிலால் வரும் வகையில் கழியூதாக் கதிர் விட்டுச்சென்ற தழும்புகள் ஆயிரக்கணக்கிற் காணப்பட, நுனிவகையில் அவை மிக அருகியே உள்ளன. மாறாக, நிறமூர்த்தங்கள் துண்டுபட்டு இடம்மாறி ஒட்டிய சிதைவுகளே மிகுதி. 2016இல் வெளியான யப்பானிய ஆய்வொன்று, உள்ளங்காலிலே குதியும் முன்பாதமும் போன்ற அழுத்தம் மிகுந்த இடங்களில் இந்நோய் கூடுதலாகத் தோன்றுவதைக் காட்டியது. அழுத்தமே காரணமெனத் துணிந்து கூறுவதற்கு இது போதாது. எனினும் சூரியனை விடுத்துப் பூமியை நோக்கியும் காரணம் தேடவேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

புள்ளிவிபரங்களை வாசிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் 1986 முதல் 2005 வரை பதிவான 1,413 நுனிவகை நோயாளரைப் பற்றிய ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அதன்படி, கறுப்பினத்தவரிடையே தோன்றும் கருநிறப்புற்றுக்களுள் நூற்றுக்கு 36உம், ஆசிய, பசிபிக் தீவினரிடையே நூற்றுக்கு 18உம் இவ்வகையைச் சார்ந்தவை. வெள்ளையரிடையே நூற்றுக்கு 1 மாத்திரமே. இவ்வெண்களை மட்டும் காண்போர் இதனைக் 'கறுப்பர் நோய்' என்று முடிவுகட்டுதல் எளிது. ஆயின் அதே ஆய்விற் கறுப்பரிடையும் வெள்ளையரிடையும் இந்நோய் ஏற்படும் வீதம் ஒன்றே: ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 1.8. வெள்ளையரிடம் வெயிலால் வரும் வகைகள் மலிந்திருத்தலின் நுனிவகை அவற்றினுள் மறைந்துவிடுகின்றது. கருந்தோலினரிடம் பிறவகைகள் அருகியிருத்தலின் இது வெளித்தெரிகின்றது. விகிதம் வேறு, வீதம் வேறு. இவ்விரண்டையும் மயக்கியதன் விளைவாக மருத்துவ நூல்களிற் புகுந்த பிழைகள் பல.

நோய்ப்போக்கும் அதன் அளவுகோலும்

தீரும் நோய், தீரா நோய் எனப் பிரித்துணர்தல் நம் பழைய மருத்துவத்துக்கும் உடன்பாடே. சாத்தியம், அசாத்தியம் என்பன அங்கு வழங்கும் சொற்கள். கருநிறப்புற்றில் இவ்வேறுபாட்டை அளந்து கூறும் வழியை 1970இல் அலெக்சாந்தர் பிறெஸ்லோ காட்டினார். மேற்றோலின் மணிப்படை தொடங்கி, புற்றுக்கலங்கள் சென்றடைந்த ஆகக்கூடிய ஆழம் வரை நுணுக்குக்காட்டியின் கீழ் மில்லிமீற்றரில் அளப்பதே அவ்வழி. எளிமையிற் சிறந்த இவ்வளவுகோல் இன்றும் தன் முதன்மையை இழக்கவில்லை. அதனோடு புண்பட்டுள்ளதா என்பதும், நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியுள்ளதா என்பதும் சேர்த்து நோக்கப்படும்.

2017இல் வெளியான சர்வதேச நிலைவகுப்புத் தரவுகளின்படி, கணுக்களுக்குப் பரவாத, 0.8 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்புள்ள, புண்படாத கருநிறப்புற்றினால் பத்தாண்டுகளுள் இறப்போர் நூற்றுக்கு இருவரே. 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்டுப் புண்ணும் பட்டிருப்பின் நூற்றுக்கு 25 பேர் இறக்கின்றனர். கணுக்களிற் பரவிய நிலையின் மிகக் கடுமையான பிரிவில் ஐந்தாண்டு வாழ்வோர் நூற்றுக்கு 32 பேர்தாம். ஒரு நெல்மணியின் தடிப்புக்கும் அதன் இருமடங்குக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் ஒருவரின் ஆயுள் நிர்ணயமாகின்றது என்றால் அது மிகையன்று.

இனி நுனிவகைக்கு வருவோம். மேற்கூறிய அமெரிக்க ஆய்விலே தோற் கருநிறப்புற்று நோயாளர் அனைவரையும் சேர்த்து நோக்கியபொழுது ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்கு 91.3, பத்தாண்டு கடந்தோர் 87.5. நுனிவகையில் இவை முறையே 80.3, 67.5 எனக் குறைகின்றன. அந்நுனிவகையினருள்ளும் வெள்ளையர் பத்தாண்டில் நூற்றுக்கு 69.4 பேர் வாழ, ஆசிய, பசிபிக் தீவினர் 54.1 பேரே வாழ்ந்தனர். நோய் ஒன்று, நாடு ஒன்று, காலமும் ஒன்று. வேறுபட்டது நோயாளர் மருத்துவரிடம் வந்துசேர்ந்த நிலை. தடித்த கட்டியோடும் முற்றிய நிலையோடும் வந்தோர் அவ்வாசிய, பசிபிக் தீவினரிடையே அதிகமாயிருந்தனர் என்பதை அதே ஆய்வு குறிப்பிடுகின்றது.

தாமதம் ஏன் நேர்கின்றது? உள்ளங்கால் ஒருவர் தாமே பார்த்துக்கொள்ளாத இடம் என்பது வெளிப்படை. வெறுங்காலோடு வயலில் இறங்குவோரின் குதியிலே கறையும் வெடிப்பும் காலாணியும் இயல்பாகவே இருக்கும். அவற்றிடையே புதிய கறையொன்று கவனம் பெறுவதில்லை. ஆயின் நோயாளரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. மருத்துவரிடம் காட்டப்பட்ட பின்னரும் பாலுண்ணி என்றும், நகத்தடி இரத்தக்கட்டு என்றும், பூஞ்சணம் என்றும், நீரிழிவுப் புண் என்றும் கருதப்பட்டு மாதக்கணக்கில் மருந்து பூசப்பட்ட நோயாளர் பற்றிய குறிப்புக்கள் மருத்துவ ஏடுகளில் ஏராளம். உண்மையில் இம்மயக்கம் புதியதன்று. 1886இல் இலண்டன் மருத்துவர் ஜொனதன் ஹச்சின்சன் 'கருநிற நகச்சுற்று' என இதனை விபரித்தபொழுதே, இந்நோய் பலவேளை கருமையாயிருப்பதில்லை என எச்சரித்திருந்தார். நிறமியற்று இளஞ்சிவப்பாய்க் கசியும் கட்டியைப் புண்ணென்றே எவரும் நினைப்பர். நகத்தின் கருமை நகக்கண் தோலிற் பரவுதல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நூற்றுநாற்பது ஆண்டுகளாகப் பாடநூலில் இருந்தும் பயன்படுத்தப்படாத அறிகுறி அது.

மருத்துவக் கல்வியின் குறையும் இதனுள் அடங்கும். 1985இல் நியூயோர்க்கில் வகுக்கப்பெற்று உலகெங்கும் பரவிய நால்விதி, சமச்சீரின்மை, ஓரம், நிறம், 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விட்டம் என்பவற்றைக் கொண்டு மச்சத்தையும் புற்றையும் பிரிக்கக் கற்பிக்கின்றது. வெண்தோலின் முதுகிலும் காலிலும் தோன்றும் மச்சத்துக்கு அது நன்கு பொருந்தும். நகத்துக்கோ நிறமற்ற புண்ணுக்கோ பொருந்தாது. தோல்நோய் நூல்களின் படங்களும் பெரும்பாலும் வெண்தோலிலேயே எடுக்கப்பட்டவை. அவற்றைக் கற்றுத் தேறிய நம் மாணவர் தமது கையிலும் தமது தாயின் காலிலும் உள்ள தோலை நோய்நிலையில் எப்படியிருக்கும் என்று அறியாதே வெளியேறுகின்றனர். இதனை வேண்டுமென்று செய்த வஞ்சனை எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆராயப்பட்ட உடல்கள் எவையோ அவையே பொதுமையாக்கப்பட்டன.

யமெய்க்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லியின் மரணம் இங்கு நினைவுகூரத்தக்கது. காற்பந்தாட்டத்திற் காயமுற்ற காற்பெருவிரலின் நகத்தடியில் இந்நோய் இருப்பது 1977இல் அறியப்பட்டது. விரலை அகற்றுமாறு கூறப்பட்ட ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நகப்படுகை நீக்கப்பட்டுத் தோல் ஒட்டப்பட்டது. 1980இல் நியூயோர்க்கில் ஓடிக்கொண்டிருந்தபொழுது வீழ்ந்தார். நோய் உடலெங்கும் பரவியிருந்தது. 1981 மே 11இல் மியாமியில் தமது 36ஆவது வயதிற் காலமானார். உலகெங்கும் அறியப்பட்ட கறுப்பர் ஒருவர் இந்நோயால் இறந்தும், இது வெள்ளையர் நோய் என்ற எண்ணம் அசையவில்லை என்பது வியப்புக்குரியது. காயம் நோயை உண்டாக்கியதா, அன்றி ஏற்கெனவே இருந்ததன்மீது கவனத்தை ஈர்த்ததா என்ற வினாவும் எஞ்சுகின்றது. பின்னதே பெரும்பாலும் நடைமுறையிற் காணப்படுவது.

இவ்வளவும் கூறியபின் ஒன்றையும் மறைத்தல் ஆகாது. தாமதமே முழுக் காரணமென்பது மிகைக்கூற்று. ஒரே தடிப்புடைய கட்டிகளை ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றிலும் நுனிவகை பின்தங்கியே நிற்கின்றது. அதற்கான காரணத்தைச் சிகிச்சையை ஆராயுமிடத்துக் காண்போம்.

வரிமேடும் வரிப்பள்ளமும்

உள்ளங்காலில் உள்ள கரும்புள்ளி ஒவ்வொன்றும் புற்றன்று. நம்மவர் பாதங்களிற் காணப்படும் கறைகளுள் மிகப் பெரும்பான்மையானவை தீங்கற்றவை. நகத்தில் நீளவாட்டில் ஓடும் கருங்கோடும் கருந்தோலினரிடையே வயது ஏற ஏற மிகச் சாதாரணமாகும். எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தலும் தவறு. எதனையும் பாராதிருத்தலும் தவறு. இவ்விக்கட்டிலிருந்து வழி காட்டியவர்கள் யப்பானியர். அங்கு கருநிறப்புற்று நோயாளரில் அரைவாசிக்குக் கிட்டியோர் நுனிவகையினர் ஆதலால், அதனை மையமாகக் கொண்டு ஆராய்ச்சி வளர்ந்தமை இயல்பே.

உள்ளங்காலின் தோல் உழுத வயல்போல வரிமேடுகளும் வரிப்பள்ளங்களும் கொண்டது. வியர்வைத் துளைகள் மேடுகளின் நடுவே திறக்கின்றன. தோலை உருப்பெருக்கிப் பார்க்கும் சிறு கைக்கருவியொன்றினாற் பார்க்கும்பொழுது, தீங்கற்ற மச்சத்திற் கருமை பள்ளங்கள் வழியே ஓடும். புற்றின் தொடக்கநிலையில் மேடுகளின் மீது படியும். தொஷியாக்கி சயிடாவும் அவர்தம் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்விலே, மேட்டில் ஓடும் கருமை நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேரிற் காணப்பட்டது. நோயற்றவர்களில் நூற்றுக்கு 99 பேரில் அது காணப்படவில்லை. விலைமிக்க இயந்திரம் எதுவுமின்றி, ஒளியும் உருப்பெருக்கமும் கொண்டு, பள்ளமா மேடா என்ற ஒரே வினாவால் தொடக்கநிலையிலேயே புற்றைப் பிரித்தறிய முடிகின்றது. இந்நோய் பற்றிய ஆராய்ச்சிகளுள் ஏழைநாடுகளுக்கு இதனிலும் பயன்மிக்கது பிறிதொன்று உண்டோ என ஐயுறுகின்றேன். நகத்தைப் பொறுத்தவரை, முதிர்ந்த வயதில் ஒரு விரலில் மட்டும் புதிதாகத் தோன்றி, அகன்றும் நிறம் சீரற்றும் வரும் கோடு ஐயத்துக்குரியது. பெருவிரலாயின் ஐயம் வலுக்கும். ஐயம் எழுந்தபின் முடிவு கூறவல்லது இழையப் பரிசோதனை ஒன்றே. 'கத்தி பட்டாற் பரவும்' என்று நம்மிடையே நிலவும் அச்சத்துக்கு ஆதாரமில்லை.

சிகிச்சை

முதன்மையான சிகிச்சை சத்திரசிகிச்சையே. எவ்வளவு அகலமாக வெட்டுவது என்ற வினாவின் வரலாறு சுவையானது. 1907இல் சம்சன் ஹான்ட்லி என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் ஒரேயொரு நோயாளரின் பிரேத பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டு அகன்ற வெட்டினை வற்புறுத்தினார். அதன் வழியே ஐந்து சென்ரிமீற்றர் ஓரம் விடும் வழக்கம் அரைநூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. இன்று ஒழுங்காக நடத்தப்பட்ட பரிசோதனைகளின் பயனாக, 1 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ளதற்கு ஒரு சென்ரிமீற்றரும், 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டதற்கு இரண்டு சென்ரிமீற்றரும் போதுமெனக் கொள்ளப்படுகின்றது. குதியில் இவ்வேறுபாடு பெரிது. உடலின் பாரத்தைத் தாங்கும் அவ்விடத்தில் வேறிடத்துத் தோலை ஒட்டினால் அது தேய்ந்து புண்படும். உழைத்து உண்பவனுக்கு இரண்டு சென்ரிமீற்றருக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாடு தொழிலுக்கும் முடத்துக்கும் உள்ள வேறுபாடு. நகத்தடியிலும் நோய் மேற்றோலைத் தாண்டாதிருப்பின் விரலைக் காத்து நகத்தொகுதியை மட்டும் நீக்கல் இயலும். ஆழ்ந்ததாயின் நுனி மூட்டோடு அகற்றுவர்.

நிணநீர் முதலிற் சென்றடையும் காவற்கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையை 1992இல் டொனல்ட் மோட்டன் அறிமுகப்படுத்தினார். அதில் நோய் காணப்படின் எஞ்சிய கணுக்கள் யாவற்றையும் அகற்றுவதே வழக்கமாயிருந்தது. அவ்வாறு அகற்றுதல் ஆயுளை நீட்டவில்லை என 2017இல் வெளியான பெரும் பரிசோதனையொன்று காட்டியபின், வாழ்நாள் முழுதும் கால் வீங்கும் துன்பத்திலிருந்து நோயாளர் பலர் தப்பினர்.

உடலெங்கும் பரவிய நோய்க்கு 1975 முதல் டகார்பசீன் என்னும் இரசாயன மருந்தே நெடுங்காலம் வழங்கப்பட்டது. அதனாற் பெரும்பயன் விளையவில்லை. நிர்ப்பீடனத் தொகுதிக்கு இடப்பட்ட தடைகளை நீக்கும் மருந்துகள் 2011 தொடக்கம் வந்தபொழுது நிலைமை மாறியது. இத்துறையின் மூல ஆய்வுக்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இப்பிலிமுமாப், நிவோலுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டு கழிந்தும் வாழ்ந்தனர் என 2024இல் அறிவிக்கப்பட்டது. ஓராண்டு வாழ்தலே அரிதாயிருந்த நோயில் இது பெருஞ்சாதனை.

ஆயின் அப்பரிசோதனையிற் பங்குகொண்டோர் மிகப் பெரும்பாலும் வெள்ளையர். அவர்தம் நோயும் வெயிலால் வந்த வகை. நிர்ப்பீடனக் கலங்கள் புற்றை அந்நியமென அடையாளங் காண்பது அதன் விகாரங்களைக் கொண்டே. வெயில் விளைத்த ஆயிரம் தழும்புகள் இவ்விடத்து நோயாளருக்கு உதவுகின்றன. நுனிவகையில் அத்தழும்புகள் இல்லை. ஆதலால் மருந்தின் பயனும் குறைகின்றது. பெம்பிறோலிசுமாப் மருந்துக்கு வெள்ளையர் மிகுந்த பரிசோதனைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இணங்க, சீனாவில் நடந்த பரிசோதனையொன்றில் நுனிவகையினர் ஏறத்தாழ அறுவரில் ஒருவரே இணங்கினர். பிறாவ் என்னும் பரம்பரையலகின் விகாரத்தைத் தாக்கும் மாத்திரைகளின் நிலையும் இத்தகையதே: வெயில்வகையில் அரைவாசியினரிடம் அவ்விகாரம் உண்டு, நுனிவகையில் ஐவரில் ஒருவரிடமும் அரிது. நுனிவகையில் ஒரு பகுதியினரிடம் காணப்படும் கிற் பரம்பரையலகின் விகாரத்துக்கு இமற்றினிப் மாத்திரை பயன்படுகின்றது. ஆனால் இணங்குவோர் சிலரே, பயனும் பலருக்கு நீடிப்பதில்லை. ஒரே தடிப்பிலும் நுனிவகை பின்தங்குவதற்கு இவ்வுயிரியல் வேறுபாடு ஓரளவு காரணமாதல் கூடும்.

அறிவும் மருந்தும் வெயில்வகையைச் சுற்றியே வளர்ந்தன என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டா. எனினும் ஒரு விதிவிலக்குண்டு. நிவோலுமாப் உலகிலேயே முதன்முதலாக அனுமதி பெற்றது 2014 யூலையில் யப்பானிலேயாகும்.

இம்மருந்துகளின் விலை, இலவச மருத்துவ சேவை நிலவும் இலங்கை போன்ற நாட்டின் பொதுநிதிக்கு எளிதிற் சுமக்கக்கூடியதன்று. அவ்வளவு செலவிட்டும் நுனிவகை நோயாளருக்குக் குறைந்த பயனே கிட்டுமாயின், ஒரு மில்லிமீற்றருக்குள் நோயைக் கண்டுபிடித்தல் நமக்குப் பிறநாட்டாருக்கிருப்பதிலும் கூடிய தேவையாகும். அதற்குப் புதிய நிறுவனம் எதுவும் அமைக்க வேண்டியதில்லை. நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களில் நோயாளரின் பாதங்களைப் புண்ணுக்காகவும் உணர்விழப்புக்காகவும் பார்க்கும் முறை ஏற்கெனவே உண்டு. அவ்வேளையிலேயே பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் நகங்களையும் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்திற் கறைக்காகவும் பார்க்கலாம். நகப்பூச்சு இருப்பின் அதனை நீக்கியே பார்த்தல் வேண்டும். மூன்று மாதம் மருந்திட்டும் ஆறாத புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை நோயியற் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு, தாதியொருவரின் கூரிய கண்ணும் மருத்துவர் ஒருவரின் பத்து நிமிடமும் போதும்.